நிரஞ்சன் முடிக்காத பேச்சு

நிரஞ்சன் பெஹெரா அவர்கள் மறைந்த செய்தி வந்தபோது நான் தரையிலிருந்து பதினோராயிரம் அடி உயரத்தில் இருந்தேன். தோணிரேவில் ஒரு காதுகுத்து வீட்டு வாசலில் ஏணி மேல் நின்று சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தேன் என்பதை நான் சொன்னால் அப்படித்தான் வரும். என்னைத் தெரிந்தவர்கள் கழித்துக்கொள்வார்கள். சட்டைப் பையில் போன் அடித்தது. அஞ்சலை. எனக்கு அண்ணன் மகள் முறை. நிரஞ்சன் அவர்களின் மனைவி.

“சித்தப்பா, எங்க கீற?”

“ஏணி மேல.”

“எறங்கு.”

“பல்பு ரெண்டு பாக்கி கீது…”

“எறங்கிட்டுப் பேசு.”

இறங்கினேன்.

“அவரு பூட்டாரு சித்தப்பா.”

பொன்னேரி ஆஸ்பத்திரி வாசலில், ஈரச் சேலையோடு, புருஷனை உள்ளே கிடத்திவிட்டு நின்றவள், இந்தக் கிழவன் விழுந்துவிடக் கூடாது என்று முதலில் என்னை இறக்கிவிட்டு அப்புறம்தான் சொன்னாள். அந்த வீட்டு மனிதர்கள் அப்படி.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். அதற்கு முன் சொல்பவன் யார் என்றும் சொல்ல வேண்டும். பழவேற்காட்டு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் மைக்செட் வைத்திருப்பவன் நான். கல்யாணம், கருமாதி, அம்மன் திருவிழா, எல்லாக் கட்சிக் கூட்டமும் என் ஒலிபெருக்கி வழியாகத்தான் ஊர்க் காதுக்குப் போகும். திருவிழாப் பட்டிமன்றத்துக்கு நிரந்தர நடுவரும் நானே. என் ஹாரன் சத்தத்தில் ஏரிக்கு அக்கரை ஏவுதளத்தில் ராக்கெட் ஒன்று நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டது என்றும், மைக் ஒயரைத் தூண்டிலாகப் போட்டு ஒரு சுறாவை இழுத்தேன் என்றும், அந்தச் சுறா என்னைப் பார்த்து “வணக்கம்” என்றது என்றும் பல காலமாகச் சொல்லி வருகிறேன். ஊரும் சிரித்து வருகிறது. ஊரைச் சிரிக்க வைப்பவனுக்கு ஊரில் பெரிய மரியாதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது என்ன மரியாதை என்பது போன வருடம்தான் தெரிந்தது.

நிரஞ்சன் அவர்கள் எங்கள் குப்பத்துக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒடிசாவிலிருந்து எண்ணூர்ப் பக்கம் கட்டட வேலைக்கு ஆட்களைக் கூட்டிவந்த காண்டிராக்டர் பாதியில் காணாமல் போனார். மற்றவர்கள் மீஞ்சூர் போய் ரயில் ஏறினார்கள். இவர் மட்டும் வடக்கே நடந்தார். எங்கள் குப்பத்தில் அன்று ஒரு கல்யாணம். பந்தியின் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டவர் போகவில்லை, அண்டா குண்டா எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுக் கழுவினார். பிறகு ஏரிக்குப் போய் ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்து ஏதோ சொன்னார். எங்களுக்குப் புரியவில்லை. தமிழ் வந்த பிறகு நானே கேட்டேன்.

“அன்னிக்கு இன்னா மாப்ள சொன்ன?”

“எங்கூரு ஏரிய விட உப்பு ஒரு சிட்டிகை கம்மினு சொன்னேன் மாமா.”

அவர் ஊர் சிலிகா ஏரிக்கரை. கடலும் ஆறும் கலக்கும் ஏரி, எங்களுடையது போலவே, அளவில் பெரியது. மீன் பிடிக்கும் குடும்பம். ஏரியை விட்டு வந்தவர் ஏரி வாசனை பிடித்தே இன்னொரு ஏரிக்கு வந்து சேர்ந்திருந்தார்.

தமிழை அவர் கற்ற விதம் உலக அதிசயங்களில் ஒன்று. பகலில் எனக்கு ஒயர் பிடிப்பார். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோருடைய பேச்சையும் கேட்பார். முதலில் வசவு வந்தது, பிறகு பாட்டு, பிறகு பேரம், கடைசியில் மரியாதை. ஆறே மாதத்தில் மீன் விற்கும் பெண்கள் இவரிடம் வாயைக் கொடுத்துவிட்டு ஊரையே காலி செய்துகொண்டு போனார்கள். சரி, ஒருத்தி கூடையை வேறு பக்கம் மாற்றி வைத்தாள். அந்த ஒருத்தி அஞ்சலை. அடுத்த தை மாதம் இருவருக்கும் கல்யாணம்.

அந்தக் கல்யாணத்துக்கு ஊர்க்கூட்டம் சம்மதித்தபோது ஒரு வார்த்தை சேர்த்தது. எங்கள் ஏரியில் வலை கட்டும் இடங்களுக்குப் ‘பாடு’ என்று பெயர். யார் எந்த நாளில் எந்தப் பாட்டில் வலை கட்டலாம் என்பதை வருடத்துக்கு ஒரு முறை கோவில் வாசலில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். பட்டியலில் பெயர் உள்ளவருக்குத்தான் சீட்டு. பெயர் அப்பன் வழியாக வரும். இல்லாதவர்கள் கரையோர ஆழமில்லாத் தண்ணீரில் இறங்கிக் கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கலாம். அதை யாரும் தடுப்பதில்லை. அன்று ஊர்த் தலைவர் சொன்னார்: “பொண்ணு குடுக்கறோம்பா. பாடு குடுக்க முடியாது.” நிரஞ்சன் அவர்கள் தலையாட்டினார். அப்போது அவருக்கு அந்தச் சொல்லின் முழு எடையும் தெரிந்திருக்காது என்று நான் நினைத்திருந்தேன். தெரிந்திருந்தது. ஏரிக்காரர் அவர்.

இருபது வருடத்துக்கு மேல் தடவினார். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள முகத்துவாரம் மணல் மூடி அடைத்துக்கொள்ளும் போதெல்லாம் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும் என்று என் மைக்கில்தான் அறிவிப்பேன். நான் “ஹலோ” சொல்லி முடிக்கும் முன் முகத்துவாரத்தில் நிற்பார். ஒரு முறை வேலை முடிந்து மணலில் மல்லாந்து கிடந்தோம். கடல் தண்ணீர் ஏரிக்குள் பாய்ந்துகொண்டிருந்தது.

“மண்ணு வெட்டற லிஸ்ட்ல எம்பேரு மொத பேரு, பாத்தியா மாமா?” என்றார். “அந்த லிஸ்ட்ட எழுதனவர் கையெழுத்து நல்லாக்கீது. அவரையே இன்னொரு லிஸ்ட்லயும் எழுதச் சொல்லேன்.”

சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் வாழ்க்கையில் வேண்டியது அது ஒன்றுதான். வீடு கேட்கவில்லை, பட்டம் கேட்கவில்லை. கோவில் வாசலில் ஒரு நாள் தன் பெயரையும் படிக்கக் கேட்க வேண்டும், அவ்வளவு.

இரண்டு வருடத்துக்கு முன் மனு எழுதினார். தமிழில், தன் கையால். தலைவர் கோதண்டம் நல்ல மனிதர். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “ஊர்ல பாதிப் பேரு சரின்றாங்க நிரஞ்சா. ஆடித் திருவிழா முடியட்டும், பேசிடலாம்” என்றார். பாதிப் பேர் என்பது எங்கள் ஊரில் பெரிய கணக்கு.

ஆடித் திருவிழாவில்தான் நான் ஊருக்கும் அவருக்கும் என் திறமையைக் காட்டினேன்.

பட்டிமன்றத் தலைப்பை நானே வைத்தேன்: ‘வந்தவர்களால் ஊர் வாழ்கிறதா, வீழ்கிறதா?’ டீக்கடையில் அப்போது அதுதான் பேச்சு. ஐஸ் கம்பெனியில் வடக்குப் பையன்கள், மீஞ்சூர் ஃபேக்டரிகளில் வடக்குப் பையன்கள், ரயிலில் உட்கார இடமில்லை. தலைப்புக்குக் கூட்டம் மூன்று ஜில்லாவிலிருந்து வந்தது. கடல் நண்டுகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தன. வீழ்கிறது என்று பேச வேண்டிய ஒரு வாத்தியார் வரவில்லை. ஜெனரேட்டர் பக்கத்தில் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்ற நிரஞ்சன் அவர்களைப் பார்த்தேன். எனக்குள் இருக்கும் குறும்பு எழுந்து நின்றது.

“மாப்ள, நீ ஏறு மேடைக்கு.”

“எந்தப் பக்கம் மாமா?”

“வீழ்கிறது.”

கூட்டம் சிரித்த சிரிப்பில் அம்மன் குடை ஆடியது. அவரும் சிரித்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார், என்னைப் போலவே. பிறகு பேசினார். அந்தப் பேச்சை நான் மறக்க முடியாது. இப்போது எல்லோர் போனிலும் இருக்கிறது.

“எங்கூர்லயும் ஏரி கீது. எங்க நைனா, அவுங்க நைனா எல்லாம் அதுலதான் வல போட்டாங்க. ஒரு நாளு வெளியாளுங்க வந்தாங்க. மொதல்ல சிரிச்சாங்க. கைய கூப்பி கும்பிட்டாங்க. அப்பறம் மூங்கில் நட்டாங்க. மூங்கிலுக்கு மூங்கில் வலைய கட்டி வேலியாக்கினாங்க. உள்ள எறா வளத்தாங்க. எங்க நைனா அவுரு தண்ணியில படகு தள்ளிக்கினு போனா, ‘யாரு அது திருடன்’னு கேட்டாங்க. எங்க நைனாவ! அவுரு தண்ணியில! கேட்டுக்கோங்க ஜனங்களே. வெளியாள உள்ள உட்டா, உங்க புள்ளைங்க என்னிய மாதிரி ரயிலேறி எவனூர்லயோ போயி நிக்கும்!”

கைதட்டல் நிற்கவில்லை. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவர் கையை உயர்த்திக் கூட்டத்தை அமர்த்தினார். “ஆனா…” என்றார்.

நான் மணியை அடித்தேன்.

நேரம் முடியவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. நகைச்சுவைக்கு அதுதான் சரியான இடம் என்று தோன்றியது, அடித்தேன். எழுந்து நின்று, “நேரம் முடிந்தது! வெளியாளே வெளியாளை விரட்டிவிட்ட இந்த வரலாற்று நிகழ்ச்சியைக் கண்ட நீங்கள் பாக்கியவான்கள்! தீர்ப்பு: வீழ்கிறது!” என்றேன். என் வாழ்நாளில் நான் வாங்கிய ஆகப் பெரிய சிரிப்பு அது.

ஒயரைச் சுருட்டும்போது கேட்டேன், “ஆனான்னு இன்னாவோ சொல்ல வந்தியே?”

“வேலியோட வர்றவன் வேற, வயித்தோட வர்றவன் வேற மாமா. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு வெச்சிக்கினு சண்ட போடறீங்க. வேலியோட வர்றவன் கார்ல வருவான், அவன நீங்க மாலை போட்டு கூப்டுவீங்க. வயித்தோட வர்றவனத்தான் அடிப்பீங்க. அதத்தான் சொல்ல வந்தேன். நீ மணி அட்ச்சிட்ட.”

“அடுத்த வருசம் சொல்லலாம் மாப்ள” என்றேன்.

தேர்தல் வந்தது. எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. இந்த விஷயத்தில் ஒரு கட்சி பேசியதை இன்னொரு கட்சி மறுநாள் சத்தமாகப் பேசியது. என் மைக்செட்தான். பேச்சாளர் வெள்ளைச் சட்டையில் மேடையேறி, வந்தவர்கள் பான்பராக் துப்புகிறார்கள், திருடுகிறார்கள், நம் பெண்களைப் பார்க்கிறார்கள், நாளை ஓட்டும் வாங்கிக்கொண்டு நம்மை ஆள்வார்கள் என்றார். பூச்சிகளைப் பற்றிப் பேசுவது போல் மனிதர்களைப் பற்றிப் பேசினார். பிறகு, “நான் சொன்னா வெறுப்புப் பேச்சும்பான். ஒரு வடநாட்டானே சொல்றான், கேளுங்க!” என்று போனை என் மைக்குக்கு முன் பிடித்தார். நிரஞ்சன் அவர்களின் குரல் ஏரி முழுவதும் கேட்டது. ‘வெளியாள உள்ள உட்டா…’ கைதட்டல். ‘ஆனா…’ மணி. என் மணி.

அந்த வீடியோவில் யாரும் எதையும் வெட்டவில்லை. வெட்டியவன் நான்.

என் கை ஆம்ப்ளிஃபயரின் மேல் இருந்தது. ஒரு திருகு. கரண்டு போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். அதைவிடப் பெரிய பொய்களைச் சொல்லி ஊரை நம்ப வைத்தவன் நான். திருகவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வேறு மைக்செட்டைக் கூப்பிட்டுவிடுவார்களே என்று இருந்தது. இதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுதினால் அது நான் பிடித்த சுறாவைப் போல இருக்கும்.

மறுநாள் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த இரண்டு ஒடிசாப் பையன்களை எங்கள் வாலிபர்கள் அடித்தார்கள். நிரஞ்சன் அவர்கள் ஓடிப்போய் நடுவில் விழுந்தார். “நீதான சொன்ன, உடாதீங்கன்னு? இப்ப இன்னா நடுவுல வந்து பட்த்துக்கினு கீற?” என்று கேட்டார்கள். அவர் மேல் கை வைக்கவில்லை. அவர் எங்கள் ஆளாம். அடிபட்ட பையன்கள் அன்றே மூட்டை கட்டினார்கள். விளக்கம் சொல்ல மீஞ்சூர் ரயில் ஸ்டேஷன் வரை பின்னால் போனார். அவர்களில் ஒருவன் அவர் தாய்மொழியில் ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். என்ன சொன்னான் என்று நான் பலமுறை கேட்டும் நிரஞ்சன் அவர்கள் தமிழில் சொல்லவில்லை. தமிழில் சொல்ல முடியாத எதுவும் அவருக்கு அதுவரை இருந்ததில்லை.

தேர்தல் முடிந்து மனு ஊர்க்கூட்டத்துக்கு வந்தது. கோதண்டம் சங்கடத்தோடு பேசினார்.

“நிரஞ்சா, தப்பா நெனைக்காத. பசங்க ஒத்துக்க மாட்டேன்றாங்க. இன்னிக்கு உனுக்குக் குடுத்தா நாளிக்கு பத்து பேரு கேப்பான்றாங்க. நீயே மேடையில சொன்னதுதானப்பா. வேலி போட்டுட்டா?”

நான் எழுந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக மைக் இல்லாமல் பேசினேன். அந்தப் பேச்சு முடியவில்லை, மணியை நான்தான் முன்னாடியே அடித்தேன், அவர் சொல்ல வந்தது இது, என்று வேலியையும் வயிற்றையும் பற்றி அவர் சொன்னதை ஒரு சொல் மாறாமல் சொன்னேன்.

பிறகு பின்னாலிருந்து ஒருவன், “மாமா ஆரம்பிச்சிட்டாருடா!” என்றான்.

“சுறா இதுக்கு இன்னா சொல்லிச்சி மாமா?”

“வணக்கம்னுச்சி!”

கூட்டமே சிரித்தது. கோதண்டம் கூடச் சிரித்தார். சத்தியம் செய்தேன், அதற்கு இன்னும் சிரித்தார்கள். இருபத்தைந்து வருடம் பொய் சொல்லிச் சேர்த்த சிரிப்பு மொத்தமும் அந்த ஒரு உண்மையின் மேல் கொட்டியது. திரும்பிப் பார்த்தேன். நிரஞ்சன் அவர்களும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் தனியாக நின்று அவமானப்படக் கூடாது என்று சிரித்தார். பிறகு தன் மனுவைத் தலைவர் கையிலிருந்து வாங்கி, நான்காக மடித்து, “சாப்ட போலாம் வா மாமா” என்றார்.

போகும் வழியில் அவரைத் திட்டினேன். “நீ வாயத் தொறந்து வெளக்கிச் சொல்லியிருந்தா இன்னா? உனுக்கு வராத பேச்சா?”

“எத்தினி வாட்டி மாமா? நான் இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து பேசறதெல்லாம் வெளக்கந்தான். நான் திருடன் இல்ல, நான் குடிக்க மாட்டேன், நான் ஓட மாட்டேன்னு. உன்னிய யாராச்சும் வெளக்கச் சொல்லிக்கிறாங்களா? நீ சுறா பேசிச்சின்னு சொல்ற. உன்னிய சேத்துக்கினு சிரிக்கிறாங்க.”

அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. தமிழ் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். ஏரிக்குப் போவார், தடவுவார், வருவார். ஒயர் பிடிக்கக் கூப்பிட்டால் வருவார்; மேடைப் பக்கம் திரும்ப மாட்டார். போன மாதம் ஒரு விடியலில், இடுப்பளவுத் தண்ணீரில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அஞ்சலையைப் பார்த்தாராம். அப்படியே தண்ணீரில் சாய்ந்தாராம்.

சாவுக்கு ஊர் ஒரு குறையும் வைக்கவில்லை. தாரை தப்பட்டை, பூப்பல்லக்கு, வெடி. ஐஸ் கம்பெனியில் கை நீட்டிய அதே வாலிபர்கள் தோள் கொடுத்தார்கள், உண்மையாகவே அழுதார்கள். ‘எங்கள் ஊரின் செல்லப் பிள்ளை’ என்று கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். வெள்ளைச் சட்டைப் பேச்சாளர் மாலை அனுப்பியிருந்தார். எங்கே அடக்கம் செய்வது என்ற பேச்சு வந்தபோது கோதண்டம் அதட்டினார்: “இன்னாய்யா கேள்வி இது? நம்மூரு ஆளுய்யா அவன். நம்ம சுடுகாட்லதான்.” அஞ்சலை நிமிர்ந்து என்னைத்தான் கேட்டாள், கோதண்டத்தை அல்ல.

“நேத்து வரிக்கும் இல்லாத ஊரு இன்னிக்கு எங்கேர்ந்து சித்தப்பா வந்திச்சி?”



பதினாறாம் நாள் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். அவரை நினைவுகூரும் வகையில் அந்தப் பட்டிமன்ற வீடியோவைத் திரை கட்டிப் போட்டார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவருடைய ஆகச் சிறந்த பேச்சு அது என்று மனதார நினைக்கிறார்கள். கைதட்டினார்கள். என் மணி அடிக்கும் இடத்தில் சிரித்தார்கள். வெறுத்துச் சொன்னால் எதிர்த்து நிற்கலாம். அன்போடு சிரிப்பவர்களை என்ன செய்வது? அஞ்சலை எழுந்து போய்விட்டாள்.

நேற்று சீட்டுக் குலுக்கும் நாள். கோவில் வாசலில் நின்று கடைசிப் பெயர் வரை கேட்டேன். செத்தவர் பெயரைச் சேர்க்கும் வழக்கம் இல்லை. பெண்கள் பெயரும் இல்லை. கேட்டுப் பார்த்தேன், “மாமா, இன்னிக்கு வேணாம் மாமா” என்று தோளைத் தட்டி உட்கார வைத்தார்கள். சீட்டு கிடைத்தவர்கள் மூங்கிலோடு படகேறிப் போனார்கள். நான் கரையோரமாக நடந்தேன். அஞ்சலை தண்ணீரில் குனிந்து தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் சேற்றுக்குள். இறால் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருந்தாள். தடவுகிறவர்கள் அப்படித்தான் பிடித்துக்கொள்வார்கள். கூப்பிட்டேன். தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தால் பறி போய்விடும். பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

மாப்பிள்ளை நிரஞ்சன், நீங்கள் எங்கள் ஊர்க்காரர். தண்ணீரை வாயில் வைத்து உப்புச் சொன்ன அன்றே ஆகிவிட்டீர்கள். அதைச் சொல்ல வேண்டிய நேரமெல்லாம் நான் ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன், இதையும் என் கதைகளில் ஒன்றாகத்தான் படிப்பார்கள்.